விண்வெளித் தொழிலில் தனியார் முதலும் பொதுமக்கள் பங்கும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி மாலையில், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தளத்திலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்று சிங்கப்பூரின் ஆறு துணைக்கோளங்களை ஒருங்கே சுமந்துகொண்டு கிளம்பியபோது, அந்தப் பிரயாணத்தில் சிங்கப்பூருக்கு இருந்த சம்பந்தம் சரக்கை ஒப்படைத்துக் கூலி கொடுக்கும் வாடிக்கைக்காரரின் சம்பந்தமே. ராக்கெட்டும் ஏவுதளமும் இந்திய அரசினுடையவை; வெற்றியும் தோல்வியும் அவ்வரசின் கணக்கிலேயே எழுதப்படுவன. ஏழு ஆண்டுகள் கழிந்து, 2022 செப்டம்பரில், ஹைதராபாத்தில் ராக்கெட் கட்டும் ஸ்கைரூட் என்னும் தனியார் கம்பெனி 51 மில்லியன் அமெரிக்க டாலர் திரட்டியபோது, அந்தச் சுற்றுக்குத் தலைமை வகித்தது சிங்கப்பூர் அரசின் சேமிப்பை நிர்வகிக்கும் ஜி.ஐ.சி.; மறு ஆண்டு அக்டோபரில் அதே கம்பெனி மேலும் 27.5 மில்லியன் டாலர் திரட்டியபோது தலைமை வகித்தது அவ்வரசின் முதலீட்டுக் கம்பெனியான தெமாசெக். இவ்வாறு கூலி கொடுத்து வந்த தேசம் முதல் போடும் தேசமாக மாறியதைத் தொடர்ந்து, அத்தேசத்தின் குடும்பஸ்தர்களும் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து இத்தொழிலில் ஒரு பங்கு வாங்கலாமா என்று விசாரிக்கத் தொடங்கியிருப்பது இயல்பே.

இந்த விசாரணை பெரும்பாலும் ஒரே கேள்வியாகவே வந்து சேருகிறது: அந்தக் கம்பெனியின் பங்கு எப்போது வெளியாகும்? தேதியைப் பற்றிய இக்கேள்விக்கு உண்மையில் அவ்வளவு முக்கியத்துவம் இல்லை என்பதும், பங்கு வெளியாகும் நாளில் கம்பெனிக்குள்ளிருந்து யார் வெளியேறுகிறார்கள், வெளியிலிருந்து வரும் பணம் எந்தக் காரியத்துக்குப் போகிறது என்பவையே சாமானிய முதலீட்டாளரின் லாப நஷ்டத்தை நிர்ணயிக்கின்றன என்பதும் இக்கட்டுரையில் நான் நிரூபிக்க விரும்பும் விஷயங்கள்.

முதலில் இத்தொழிலின் மூலதனம் எத்தன்மையது என்று பார்க்கவேண்டும். ஜவுளி ஆலையோ ஹோட்டலோ தொடங்குகிறவர் முதல் ஆண்டிலேயே கொஞ்சம் சரக்கை விற்றுக் கொஞ்சம் காசைக் காணலாம். ராக்கெட் கட்டுகிறவர் ஐந்தாறு ஆண்டுகள் சம்பளமும் உலோகமும் எரிபொருளும் சோதனைக்கூடமும் என்று செலவழித்துக்கொண்டே போய், ஈற்றில் ஒரு சில நிமிஷங்களுக்குள் அத்தனையையும் பணயம் வைக்கிறார். உதாரணமாக, அமெரிக்க ராக்கெட் கம்பெனியான ஸ்பேஸ்எக்ஸ் 2002இல் ஸ்தாபிக்கப்பட்டது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாஜலின் பவளத்தீவிலிருந்து அது ஏவிய பால்கன்-1 ராக்கெட்டுகள் 2006, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் வரிசையாக மூன்று முறை தோற்றன. நான்காவது ராக்கெட் 2008 செப்டம்பர் 28இல் சுற்றுப்பாதையை அடைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1.6 பில்லியன் டாலர் மதிப்புள்ள சரக்கு ஒப்பந்தத்தை அக்கம்பெனிக்கு வழங்கியிராவிட்டால், நான்காவது முயற்சியின் வெற்றி மாத்திரம் அதைக் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகமே. அடுத்த ஆண்டு ஜூலையில், ஜொகூர் பாலத்துக்கு அப்பாலுள்ள நம் அண்டை நாடான மலேசியாவின் ராசாக்சாட் துணைக்கோளத்தை ஏற்றிச் சென்றதே பால்கன்-1 செய்த ஐந்தாவதும் கடைசியுமான பிரயாணம். தனியார் விண்வெளித் தொழில் என்று நாம் வழங்குவது அரசின் பணத்தை அடியோடு விலக்கிய தொழிலல்ல என்பதை இந்த வரலாற்றிலிருந்து அறியலாம். முதல் போடுகிறவர் தனியாராக இருப்பினும், முதன்மையான வாடிக்கைக்காரர் பெரும்பாலும் ஓர் அரசாங்கமே.

இத்தகைய தொழிலுக்கு வங்கி கடன் கொடாது. ஈடு காட்டுவதற்கு நிலமும் இல்லை, நிரந்தர வருமானமும் இல்லை. ஆகவே நஷ்டத்தைத் தாங்கக்கூடிய பெரிய மனிதர்களும் நிதிகளும் சுற்றுச் சுற்றாகப் பணம் போடுகிறார்கள். அவர்கள் வாங்கும் பங்குகள் சாதாரணப் பங்குகளல்ல, முன்னுரிமைப் பங்குகள். கம்பெனி நொடித்தாலும் மலிவாக விற்கப்பட்டாலும், போட்ட முதலை முதலில் எடுத்துக்கொள்ளும் பாத்தியதை அவற்றுக்கு உண்டு. தொழிலாளர்களுக்கு வழங்கப்படும் பங்குகளும், பிற்காலத்தில் வெளிச்சந்தையில் விற்கப்படும் பங்குகளும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவை. பொது வெளியீடு நடக்கும்போது முன்னுரிமைப் பங்குகளும் சாதாரணப் பங்குகளாக மாறிவிடுவதால் எல்லாரும் சமமாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் 2008ஆம் ஆண்டில் ஸ்பேஸ்எக்ஸில் 20 மில்லியன் டாலர் போட்ட பவுண்டர்ஸ் பண்ட் என்னும் முதலீட்டு நிதி கொடுத்த விலையும், 2025 டிசம்பரில் உட்சுற்று விற்பனையில் நிர்ணயிக்கப்பட்ட பங்கு ஒன்றுக்கு 421 டாலர் என்ற விலையும் எப்படிச் சமமாகும்? பிந்திய கணக்கில் அக்கம்பெனியின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 800 பில்லியன் டாலர். ஓராண்டுக்கு முன், 2024 டிசம்பரில், அதே மதிப்பு 350 பில்லியனாக இருந்தது.

செவ்வாய்க் கிரகத்துக்கு ஆட்களைக் கொண்டுசெல்லும் ஏற்பாடு நிலைபெறும்வரை பொது வெளியீட்டை விரும்பவில்லை என்று 2013இல் தொழிலாளர்களுக்கு எழுதிய ஈலோன் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ், 2026இல் வெளியீட்டுக்கு ஆயத்தமாகலாம் என்று 2025 இறுதியில் தன் பங்குதாரர்களுக்குத் தெரிவித்தது. இந்த மனமாற்றத்தைக் குறை கூற வேண்டியதில்லை. ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் சந்தாப் பணம் மாதந்தோறும் வந்து சேரத் தொடங்கிய பிறகே அது நிகழ்ந்தது என்பதை மாத்திரம் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ராக்கெட் கம்பெனியாக ஆரம்பித்தது சந்தைக்கு வரும்போது பெரும்பாலும் தந்திக் கம்பெனியைப் போன்ற வருமானத்தின்மேல் நிற்கிறது.

அந்த வெளியீடு வரும் என்ற வதந்தியே ஒரு தனி வியாபாரத்தை உண்டாக்கியிருக்கிறது. காத்தோங்கில் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலைச் சுற்றி வாழும் குடும்பங்களில், மலாயா ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் குமாஸ்தாக்களாக வந்த யாழ்ப்பாணத்தவர்களின் சந்ததியார் பலர் உண்டு. பென்ஷனும் அரசாங்கப் பத்திரமும் நிரந்தர வைப்பும் என்று நிதானமாகச் சேர்த்தவர்கள். அவர்களில் ஒரு பெரியவர் ஈஸ்ட் கோஸ்ட் சாலைக் கோப்பிக் கடையில் என்னிடம் நாலு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, "தம்பி, இதில ஏதும் பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்றார். வெளியீட்டுக்கு முந்திய ஸ்பேஸ்எக்ஸ் பங்குகள் என்று தலைப்பு. குறைந்தபட்ச முதல் 25,000 அமெரிக்க டாலர். நுழைவுக் கட்டணம் நூற்றுக்கு ஐந்து. ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு. லாபத்தில் நூற்றுக்கு இருபது நிர்வாகிக்கு. பங்கின் விலை கடைசி உட்சுற்று விலைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து. அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். நுழைவுக் கட்டணம் போக 23,750 டாலர். அந்த மேல்விலையைக் கழித்தால், பெரியவர் கைக்கு வருவது 20,652 டாலர் மதிப்புள்ள உரிமை. போட்ட பணத்தை மீட்பதற்கே பங்கின் விலை நூற்றுக்கு இருபத்தொன்று ஏறவேண்டும். ஆண்டுக் கட்டணம் அதற்கு மேல்.

அதைவிட முக்கியமான விஷயம் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஸ்பேஸ்எக்ஸ் பங்கல்ல. ஒரு தீவு தேசத்தில் பதிவான கம்பெனியின் அலகு. அக்கம்பெனி வைத்திருப்பதும் பங்கல்ல. அமெரிக்காவில் பதிவான இன்னொரு கம்பெனியின் அலகு. பங்குப் பதிவேட்டில் பெயர் இருப்பது அந்த இரண்டாவதற்கா, மூன்றாவது ஒன்றுக்கா என்று தாளில் சொல்லப்படவில்லை. தனியார் கம்பெனியின் பங்கைக் கைமாற்றக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். கம்பெனி மறுத்தால், அடுக்கின் அடியில் இருக்கும் அலகுக்காரருக்கு வழக்காடவும் இடம் குறைவு. வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு அறவே இல்லை. பெரியவர் அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை.

சட்டம் இதில் ஒரு வேலி போட்டிருக்கிறது. இத்தகைய முதலீடுகளைத் தகுதிபெற்ற முதலீட்டாளர்களுக்கு மாத்திரம் விற்கும்போது விரிவான வெளியீட்டு அறிக்கை தேவையில்லை என்று விதிவிலக்கு அளிக்கும் சிங்கப்பூர்ச் சட்டம், அத்தகுதியை நிகரச் சொத்து இருபது லட்சம் வெள்ளிக்கு மேல், அல்லது நிகர நிதிச் சொத்து பத்து லட்சம் வெள்ளிக்கு மேல், அல்லது ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வெள்ளிக்குக் குறையாமல் என்று வரையறுக்கிறது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் கணக்கில் சேராது. தகப்பனார் வாங்கிய காத்தோங் வீடு இன்று பல லட்சங்களுக்கு விலைபோகும் என்பதனாலேயே ஒருவரைச் செல்வந்த முதலீட்டாளராகக் கருதிவிடக் கூடாது என்ற இந்த ஏற்பாடு மிக நியாயமானது. வீட்டை விற்காதவரையில் அந்த மதிப்பு நஷ்டத்தைத் தாங்க உதவாது.

வேலிக்கு வெளியே நிற்பவர்களின் ஆவல் எவ்வளவு விலை கொடுக்கத் துணியும் என்பதற்கு 2024ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தை ஓர் உதாரணத்தைத் தந்தது. தன் முதலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஸ்பேஸ்எக்ஸில் வைத்திருந்த டெஸ்டினி டெக்100 என்னும் மூடிய நிதி, அவ்வாண்டு மார்ச் மாதம் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. முந்திய ஆண்டு முடிவில் அதன் ஓர் அலகுக்கு உரிய சொத்து ஐந்து டாலருக்கும் குறைவு; ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஜனங்கள் அதை நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். ஸ்பேஸ்எக்ஸ் எவ்வளவு உன்னதமான கம்பெனியாக இருந்தாலும், அதன் பங்கை இருபது மடங்கு விலைக்கு வாங்குகிறவருக்கு அந்த உன்னதத்தால் பிரயோஜனம் இல்லை. விலை வெகுவிரைவில் சரிந்தது.

இனிப் பொது வெளியீடுகளின் சரித்திரத்துக்கு வருவோம். விண்வெளிப் பங்குகளை இப்போதுதான் முதன்முறையாக ஜனங்கள் வாங்கப் போகிறார்கள் என்ற எண்ணம் தவறு. பூமியின் எந்த மூலையிலிருந்தும் பேசக்கூடிய தொலைபேசிக்காக அறுபத்தாறு துணைக்கோளங்களை நிறுவிய இரிடியம், 1997 ஜூனில் இருபது டாலர் விலைக்குப் பங்கு வெளியிட்டது. துணைக்கோளங்கள் வேலை செய்தன, தொலைபேசியும் பேசியது. ஆனால் 1998 நவம்பரில் சேவை தொடங்கியபோது, சாதாரணக் கைத்தொலைபேசி நகரங்களெங்கும் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. 1999 ஆகஸ்டில் இரிடியம் திவாலாயிற்று. ஐந்து பில்லியன் டாலர் அளவில் செலவிட்டுக் கட்டிய அமைப்பை வேறொரு குழுவினர் 25 மில்லியன் டாலருக்கு வாங்கி, கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் ராணுவத்துக்கும் சேவை விற்று, 2009இல் மறுபடியும் சந்தையில் பட்டியலிட்டார்கள். தொழில்நுட்பம் முழுமையாக வெற்றிபெற்றும் முதற் பங்குதாரர்கள் முழுமையாக அழிந்தார்கள் என்ற இந்த ஒரு சரித்திரத்தை இத்துறையில் முதல் போட நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் நம்மவர் அஞ்சுவதெல்லாம் ராக்கெட் வெடித்துவிடுமோ என்றே. விலையும் காலமும் பிசகினால் வெடிக்காத ராக்கெட்டும் முதலை விழுங்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

2021ஆம் ஆண்டில் ஸ்பாக் என்ற வெற்றுக் கம்பெனிகளின் மோகம் அமெரிக்காவில் உச்சத்தில் இருந்தது. தொழில் எதுவும் இல்லாமல் பணத்தை மாத்திரம் திரட்டிப் பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனி, பிறகு ஒரு ராக்கெட் கம்பெனியைத் தன்னுடன் இணைத்துக்கொள்ளும். இம்முறையில் எதிர்கால வருமான அனுமானங்களைத் தாராளமாக விளம்பரம் செய்ய இடமிருந்தது. இருநூறு கோடி டாலர் மதிப்பில் வந்த அஸ்ட்ரா, 2024இல் பங்கு ஒன்றுக்கு ஐம்பது சென்ட் விலையில் மறுபடி தனியார் கம்பெனியாகச் சுருங்கியது. வர்ஜின் ஆர்பிட் 2021 டிசம்பரில் பட்டியலிடப்பட்டபோதே எதிர்பார்த்த தொகையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் பிரிட்டனின் கார்ன்வால் பகுதியிலிருந்து ஏவிய ராக்கெட்டில், எரிபொருள் குழாயிலிருந்த வடிகட்டி ஒன்று இடம்பெயர்ந்து இரண்டாம் கட்ட யந்திரம் கெட்டது. அந்த வடிகட்டியின் விலை நூறு டாலர் அளவானது என்று கம்பெனியின் தலைவரே பின்னர் கூறினார். ஏப்ரலில் கம்பெனி திவால் மனு தாக்கல் செய்தது. கையிருப்பு நிறைந்த கம்பெனியாக இருந்திருந்தால் அந்த வடிகட்டி ஓர் ஆறு மாதத் தாமதமாக முடிந்திருக்கும். அதே மார்க்கத்தில் 2021இலேயே வந்த ராக்கெட் லேப், பத்து டாலரிலிருந்து நான்கு டாலருக்கும் கீழே விழுந்து, பிறகு 2025இல் நாற்பது டாலரைத் தாண்டியது. அது ராக்கெட்டோடு நில்லாமல் துணைக்கோள உறுப்புகளையும் விற்று வருமானத்தைப் பரப்பிக்கொண்டதும், இடைவிடாமல் ஏவிக்கொண்டே இருந்ததும் காரணம்.

ஜப்பானின் அனுபவம் நமக்கு இன்னும் அருகில் உள்ளது. சந்திரனில் இறங்கும் கலம் கட்டும் ஐஸ்பேஸ், 2023 ஏப்ரல் 12இல் டோக்கியோச் சந்தையில் 254 யென் விலைக்குப் பட்டியலிடப்பட்டது. வாங்க விரும்பியோர் அவ்வளவு பேர் இருந்ததால் அன்று வியாபாரமே நடக்காமல், மறுநாள் ஆயிரம் யென்னில் முதல் விலை அமைந்தது. இரண்டே வாரங்களில், அதன் கலம் சந்திரனை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழ்நோக்கிய ரேடார், ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பைக் கடந்தவுடன் தரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தாழ்ந்துவிட்டதைச் சரியாகவே அளந்து சொல்லிற்று. கலத்தின் கணினியோ, இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ இயலாது, கருவிதான் பழுதாயிருக்கவேண்டும் என்று முடிவு செய்து அந்த அளவை நிராகரித்தது. தரையைத் தொட்டுவிட்டதாகக் கணினி நம்பியபோது கலம் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது; எரிபொருள் தீர்ந்து கீழே விழுந்தது. திட்டம் வகுத்தபின் இறங்குமிடத்தை மாற்றி, புதிய இடத்தின் நிலப்பாங்கைப் போதிய அளவு சோதித்துப் பாராததே மூலகாரணம் என்று கம்பெனி பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. கலம் விழுந்த அன்று பங்கின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி சரிந்தது. அந்த வீழ்ச்சியைச் சுமந்தவர்களில் பலர், வெளியீட்டு விலைக்கு வாங்கியவர்களல்லர். நாலு மடங்கும் அதற்கு மேலும் கொடுத்து இரண்டு வார காலத்துக்குள் நுழைந்தவர்கள். பிரதானமான பரீட்சைக்கு முந்திய நாட்களில் பங்கை வெளியிடுவது சட்டவிரோதமன்று; சாமானியர் அந்நாட்களில் வாங்காமலிருப்பது விவேகம்.

விண்வெளிக் குப்பையை அகற்றும் ஆஸ்ட்ரோஸ்கேல் 2013இல் நம் சிங்கப்பூரிலேயே தோன்றியது என்பதை இங்குள்ளவர்களில் பலர் அறியார். நோபு ஒகாடா என்ற ஜப்பானியர் அதை இங்கே ஸ்தாபித்து, பின்னர் தலைமையகத்தை டோக்கியோவுக்கு மாற்றிக்கொண்டார். 2024 பிப்ரவரியில் கிளம்பிய அதன் கலம், கைவிடப்பட்ட ஜப்பானிய ராக்கெட் பகுதியொன்றை விண்ணில் தேடிப்பிடித்து மிக அருகில் சென்று படம் எடுத்தது. அவ்வாண்டு ஜூனில் கம்பெனி 850 யென்னுக்குப் பங்கு வெளியிட்டது, சிங்கப்பூர்ச் சந்தையிலன்று, டோக்கியோவில். ஜப்பான் அரசின் விண்வெளி நிறுவனம் அதன் வாடிக்கைக்காரர் என்பதும், அவ்வரசு இத்துறைக்கெனப் பத்து ஆண்டுகளில் ஒரு டிரில்லியன் யென் ஒதுக்கத் தீர்மானித்ததும் அந்தத் தேர்வை விளக்கப் போதுமானவை. வாடிக்கைக்காரர் இருக்கும் ஊருக்கே கம்பெனி போகிறது.

இதனால் சிங்கப்பூர்வாசிக்கு ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. மத்திய சேம நிதியிலிருந்து பங்கு வாங்க நினைப்பவர், சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளியை விட்டுவைத்தபின், முதலிடத்தக்க சேமிப்பில் நூற்றுக்கு முப்பத்தைந்து வரையே பங்குகளில் போடலாம். அவையும் சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்டவையாக இருக்கவேண்டும். ஆகவே நியூயார்க்கிலோ டோக்கியோவிலோ வெளியாகும் பங்கைக் கைக்காசு கொண்டே வாங்கவேண்டும். அமெரிக்கப் பங்கானால் இன்னொரு விஷயம்: அந்நாட்டவர் அல்லாதவர் இறக்கும்போது அவரிடம் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகள் இருந்தால், வாரிசுகள் நூற்றுக்கு நாற்பது வரை அமெரிக்க மரணச் சொத்துவரி செலுத்த நேரிடலாம், சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கு விலக்களிக்கும் உடன்படிக்கை இல்லை. எழுபது வயதில் பேரனுக்காக இப்பங்கை வாங்குகிறவர்கள் இதை விசாரித்தறிவது அவசியம்.

தனிப்பட்ட பங்கு வாங்காதவருக்கு இத்தொழிலில் பாத்தியதையே இல்லை என்பதுமன்று. ஜி.ஐ.சி., தெமாசெக், சிங்கப்பூர் நாணய ஆணையம் ஆகிய மூன்றின் நீண்டகால எதிர்பார்ப்பு லாபத்தில் பாதி வரை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துக்கு வருகிறது. அரசின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனால் நிறைவேறுகிறது. ஸ்கைரூட்டின் ராக்கெட் பறந்தால் அதன் பலனில் ஓர் அணுவளவு தோ பாயோவிலுள்ள பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேரும். வீழ்ந்தால் அந்த நஷ்டம் பல்லாயிரம் முதலீடுகளுக்கு நடுவே கரைந்துவிடும். இந்த ஆபத்தைச் சுமக்கத் தகுதியான தோள் அத்தகைய பொது நிதியே என்று நான் கருதுகிறேன்.

இந்தியாவில் பொது வெளியீடு என்ற கேள்வி இனிமேல்தான் எழவேண்டும். 2020இல் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. இன்-ஸ்பேஸ் என்ற அனுமதி அமைப்பு உண்டாயிற்று. 2022 நவம்பர் 18இல் ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ் ஏறத்தாழ 89 கிலோமீட்டர் உயரம் சென்று கடலில் விழுந்தது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2017இல் பிறந்த அக்னிகுல் காஸ்மோஸ், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த யந்திரத்தைக் கொண்டு, ஸ்ரீஹரிகோட்டாவில் தானே அமைத்த ஏவுமேடையிலிருந்து 2024 மே 30இல் தன் முதல் சோதனையை நிகழ்த்தியது. இரண்டும் சுற்றுப்பாதைக்குச் செல்லாத சோதனைப் பறப்புகள். இரண்டையும் நான் மனமாரப் போற்றுகிறேன். தூத்துக்குடிக் கரையில் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே மாதம், ஏவுகலக் கம்பெனிகளில் 49 சதவீதமும், துணைக்கோளம் செய்வதில் 74 சதவீதமும், உறுப்புகள் செய்வதில் முழுமையும் அந்நிய முதல் நேரடியாக வரலாம் என்று மத்திய அரசு தீர்மானித்தது.

அரசு கதவைத் திறப்பது போலவே மூடவும் கூடும் என்பதற்குத் தேவாஸ் விவகாரம் சான்று. தேவாஸ் என்ற தனியார் கம்பெனி, இந்திய அரசின் விண்வெளி வணிகக் கம்பெனியான ஆன்ட்ரிக்ஸுடன் 2005இல் செய்த துணைக்கோள அலைவரிசை ஒப்பந்தத்தை நம்பி அந்நிய முதலாளிகள் பணம் போட்டார்கள். 2011இல் ஒப்பந்தம் ரத்தாயிற்று. சர்வதேச நடுவர் மன்றம் 2015இல் 562.5 மில்லியன் டாலர் நஷ்டஈடு விதித்தது. ஒப்பந்தமே மோசடியில் விளைந்தது என்று கூறிக் கம்பெனியைக் கலைக்கும் தீர்ப்பை 2022இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, முதல் போட்டவர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களில் நின்றார்.

ராக்கெட் கம்பெனிகளுக்கு முன்பே, அவற்றுக்கு உறுப்பு செய்யும் கம்பெனிகள் சந்தைக்கு வந்துவிட்டன. இந்திய ராக்கெட்டுகளின் விகாஸ் யந்திரத்துக்குப் பல்லாண்டுகளாக உறுப்பு கடைந்த ஹைதராபாத் எம்.டி.ஏ.ஆர்., 2021 மார்ச்சில் 575 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டு முதல் நாளிலேயே ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அணுசக்திக்கும் எரிபொருள் மின்கலங்களுக்கும் விற்பனை உள்ள, லாபம் காட்டும் பட்டறை அது. விண்வெளி அதன் வருமானத்தில் ஒரு பகுதியே.

லாபம் காட்டாத கம்பெனி இந்தியச் சந்தைக்கு வரவேண்டுமானால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி வெளியீட்டில் நூற்றுக்கு எழுபத்தைந்து தகுதிபெற்ற நிறுவனங்களுக்கே போகவேண்டும். சில்லறை முதலீட்டாளருக்குப் பத்துக்கு மேல் ஒதுக்க இயலாது. ஸ்கைரூட்டோ அக்னிகுலோ சில ஆண்டுகளில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் இந்த மார்க்கத்திலேயே வரும். அப்போது அவர்கள் தாக்கல் செய்யும் அறிக்கையின் முகப்பிலேயே இரண்டு தொகைகள் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று புதிய வெளியீடு. அந்தப் பணம் கம்பெனிக்குப் போய், ஏவுமேடையாகவும் யந்திரமாகவும் சம்பளமாகவும் மாறும். மற்றது பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்பது. அதில் ஒரு காசும் கம்பெனிக்குப் போகாது. குலசேகரப்பட்டினத்திலிருந்து ஆண்டுக்குப் பல முறை சுற்றுப்பாதைக்குச் சென்று, வாடிக்கைக்காரரிடம் கூலி வாங்கிய கணக்கு இரண்டாண்டுக்காவது தணிக்கையாகி, முதல் தொகை இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்குமானால், அந்தப் பத்து சதவீதத்தில் ஒரு சிறு பங்கு கேட்டு நானும் விண்ணப்பிப்பேன்.